எங்கள் நாலரை ஏக்கர்: மாடு, கித்தா, மரவள்ளி, செம்பனை, இன்னும் என்னவோ

7 ஜூலை 2024, ஒரு வாசகரின் கேள்வி

மலாயாவுக்கு வந்த தமிழன் தோட்டத்தில் கூலிக்கு உழைத்தான், லயத்து வரிசை வீட்டில் படுத்தான், அங்கேயே செத்தான். சொந்தமாக நிலம் வாங்கிப் பயிர் செய்தவன் யார்? செட்டியார் வாங்கினார். ஆட்களை மேய்க்கிற பெரிய கங்காணி வாங்கினார். சாதாரணமாக ரப்பர் மரம் சீவின ஒருவனாவது வாங்கி, அது இன்றைக்கும் அவன் குடும்பத்தின் கையில் இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

7 ஜூலை, இரவு 11.40

இருக்கிறது. பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம், நாலரை ஏக்கர். தாத்தா வாங்கியது. 1932-இல், கித்தா (ரப்பர்) விலை பாதாளத்துக்குப் போய், தோட்டங்கள் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது வாங்கினார். செட்டியாரும் இல்லை, கங்காணியும் இல்லை. மரம் சீவினவர். ஒத்துக்கொள்ளுங்கள்.

8 ஜூலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் கொஞ்சம் முறைப்பாக எழுதிவிட்டேன். விவரம் கேட்டிருக்கிறார்கள், சொல்கிறேன்.

தாத்தா சேலம் பக்கத்துக்காரர். 1924-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தார். கப்பல் காசு அவர் கொடுக்கவில்லை. தோட்ட முதலாளிகளிடம் வசூலித்து ஒரு குடியேற்ற நிதி 1908 முதல் இருந்தது, அதில் இலவச டிக்கெட். பினாங்கில் இறக்குவதற்கு முன் ஜெரெஜாக் தீவில் சில நாள் அடைத்து வைத்து, அம்மை, பேதி இல்லை என்று பார்த்துத்தான் வெளியே விட்டார்களாம். அந்தத் தீவைப் பற்றித் தாத்தா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கஞ்சியில உப்பு இல்ல."

அப்புறம் தோட்டம், கல்யாணம், நிலம். நிலத்தில் முதலில் கித்தா. சப்பான்காரன் காலத்தில் மரவள்ளி. பிறகு மறுபடி கித்தா, 1992 முதல் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. இப்போது செம்பனைக்கும் வயதாகிவிட்டது. அண்ணன் மகன் டுரியான் பழமரம் நடலாம் என்கிறான், அண்ணன் விற்கலாம் என்கிறார், அத்தை ஒன்றும் சொல்வதில்லை. அத்தைதான் அங்கே குடியிருக்கிறார்.

9 ஜூலை

ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். ரஜூலா கட்டப்பட்டதே 1926-இல். 1924-இல் அதில் ஏற வேண்டுமென்றால் தாத்தா நீந்தித்தான் போயிருக்க வேண்டும்.

யோசித்தால் எங்கள் பக்கத்தில் எல்லார் தாத்தாவும் ரஜூலாவில்தான் வந்திருக்கிறார்கள். அந்தக் கப்பல் 1970-கள் வரை ஓடியது, வருவதற்கும் போவதற்கும் அதுதான். மற்ற கப்பல்களின் பெயர் மறந்துபோய் எல்லாரையும் அதிலேயே ஏற்றிவிட்டோம். ஒன்று கப்பல் தப்பு, இல்லை வருடம் தப்பு. வருடத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ரஜூலாவையும்தான்.

14 ஜூலை

ஞாயிற்றுக்கிழமை ஈப்போவிலிருந்து அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். வயது 84. கண் மங்கல், காது கூர்மை. "எதுக்கு இப்ப இதெல்லாம் கேக்குற? நெலத்த விக்கப் போறீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை அத்தை, ஒருத்தருக்குப் பதில் எழுத வேண்டும் என்றேன். "யாருக்கு?" தெரியாத ஆள் என்றேன். தெரியாத ஆளுக்கு எதற்குப் பதில் என்றார். நியாயம்தான்.

அத்தை சொன்னதைக் கேட்டதும் என்னுடைய வரிசையே புரண்டுவிட்டது. முதலில் வந்தது கித்தா இல்லை, மாடு. 1930-கள் தொடக்கத்தில் தோட்டத்தில் வேலை பாதி நாள்தான். பாட்டி இரண்டு பசு வளர்த்து டவுன் காப்பிக்கடைகளுக்குப் பால் ஊற்றினார். மாட்டுக்குப் புல் வேண்டும். தோட்டத்தை ஒட்டி ஒரு சீனருடைய பராமரிப்பில்லாத கித்தா நிலம். மரத்தடியில் இடுப்பளவு புல். அதை அறுத்துக்கொள்ள மாதம் இத்தனை என்று பேசி எடுத்தார்கள். நாங்கள் அந்த மண்ணில் கால் வைத்தது புல் அறுக்கத்தான். வாங்கியது பிறகு. எத்தனை வருடம் பிறகு என்று அத்தைக்குத் தெரியவில்லை. "நான் பொறக்கிறதுக்கு முன்ன" என்கிறார். அத்தை 1940.

வாங்கிய பிறகும் நினைத்தபடி மரம் நட முடியாது. 1934-இல் வந்த அனைத்துலகக் கித்தாக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் புது நடவைத் தடுத்திருந்தது. எவ்வளவு விற்கலாம் என்பதற்கே கூப்பன். மரம் சீவாமல் கூப்பனை மட்டும் கடைக்காரரிடம் விற்றவர்களும் உண்டு, பாட்டியும் விற்றிருக்கிறார். பால் இறக்காமலே பால் காசு என்று அதைச் சொல்லிச் சிரிப்பாராம்.

பிறகு சப்பான்காரன். 1942-இல் கித்தா வாங்க ஆளே இல்லை. அரிசியும் இல்லை. தாத்தாவைச் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போட அழைத்துப் போய்விட்டார்கள். பர்மா வரைக்கும் 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். பாட்டி தனியாக நிலத்தின் கீழ்ப்பாதியில் மரங்களை வெட்டச் சொல்லி மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் போட்டார். வெட்டியது யார் என்று கேட்டேன். "ஆம்பளைங்க எங்க இருந்தாங்க? பொம்பளைங்கதான்." ஒரு மரத்துக்கு இரண்டு நாள். கிழங்கு மூன்று வருடம் காப்பாற்றியது, மண்ணை உறிஞ்சியும் விட்டது. கீழ்ப்பாதியில் இன்றைக்கும் எது நட்டாலும் ஒரு சுற்றுச் சிறியதாகத்தான் வரும்.

தாத்தா திரும்பி வந்தார். இடது காலில் முழங்காலுக்குக் கீழே புண், எலும்பு தெரிய. ஆறியும் ஆறாமலும் சாகும்வரை இருந்தது. நான் முதல் நாள் "மரம் சீவினவர்" என்று எழுதினேனே, 1945-க்குப் பிறகு அவர் சீவவே இல்லை. சீவியது பாட்டி. 1952 முதல், பன்னிரண்டு வயதில், அத்தை.

15 ஜூலை

நிலத்தின் அளவு நாலரை இல்லையாம். நாலு ஏக்கர் சொச்சம் என்கிறார் அண்ணன். தலைப்பை மாற்ற முடியவில்லை, அப்படியே இருக்கட்டும்.

20 ஜூலை

கம்யூனிஸ்டுக் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்ற கேள்விக்கு.

வெள்ளைக்கார அரசாங்கம் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்துக்குக் காரணமான கொலைகள் எங்கள் ஊர்ப் பக்கம்தான் நடந்தன: 1948 ஜூன் 16, இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள். அதன் பிறகு எல்லார் பார்வையும் எங்கள் மேல். 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்ததும் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாகக் கூட்டி முள்வேலி போட்டார்கள். எங்கள் குடும்பமும் வேலிக்குள். நிலம் வேலிக்கு வெளியே.

கேட்டை விடிந்த பிறகுதான் திறப்பார்கள். மரம் சீவுகிறவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். இருட்டோடு சீவினால்தான் பால் ஓடும். அப்போதுதான் பட்டைக்குள் அழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏறக் கோட்டிலேயே கட்டிக்கொள்ளும். ஐந்து மணிக்குச் சீவினால் நிறைகிற மங்கு (பால் கிண்ணம்), எட்டு மணிக்குச் சீவினால் பாதிகூட வராது. கொரியாப் போரால் 1950, 51-இல் கித்தா விலை எங்கேயோ போயிற்று. மரம் இருந்தது, விலை இருந்தது, நேரம் மட்டும் இல்லை. அப்பா வாழ்நாள் முழுக்க அந்த இரண்டு வருடத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

இன்னொன்று சாப்பாடு. காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு பிடி சோறுகூட கேட்டுக்கு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். பாட்டியும் அத்தையும் வெறும் வயிற்றோடு போய், மதியம் இரண்டு மணிக்கு வந்து சாப்பிடுவார்கள். ஒரு நாள் அத்தை அவித்த கிழங்கு ஒன்றைக் கொண்டைக்குள் வைத்துக் கொண்டுபோயிருக்கிறார். மாட்டிக்கொள்ளவில்லை. ஆனால் தலை முழுக்க எறும்பு. இதைச் சொல்லும்போது 84 வயதுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தார்.

21 ஜூலை

கித்தாப் பாலைக் கடையில் ஊற்றிவிடுவீர்களா, உறையவைத்துத் தட்டு (ரப்பர் தகடு) போடுவீர்களா என்று கேட்டவருக்கு: தட்டுதான். நான் 1966-இல் பிறந்தவள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பத்து மணிவாக்கில் காண்டாவில் (தோளில் சுமக்கிற கம்பில்) இரண்டு வாளி வரும். சல்லடையில் வடிகட்டித் தண்ணீர் சேர்த்து அலுமினியத் தட்டுகளில் ஊற்றுவார் அத்தை. ஆசிட்டை ஒரு தகர மங்கில் கலக்கி ஊற்றி, ஒரு பலகைத் துண்டால் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று இழுப்பார். மேலே வருகிற நுரையை வழித்து எடுப்பது என் வேலை. நுரை இருந்தால் தட்டில் குமிழ் விழும், குமிழ் விழுந்தால் கடைக்காரர் விலை குறைப்பார். ஒரு மணி நேரத்தில் தயிர் மாதிரி உறையும். உள்ளங்கையால் அழுத்திப் பரத்தி, முதலில் வழுவழு மெஷின், அப்புறம் வரி போட்ட மெஷின். வெள்ளைத் துணி மாதிரி கொடியில் தொங்கும். நாற்றத்தைப் பற்றி எழுதத் தேவையில்லை, வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கும் தெரியும்.

ஒட்டுப்பால், அதாவது மரத்திலும் மங்கிலும் ஒட்டிக் காய்ந்த பால், தனிச் சாக்கு. அதை விற்ற காசு அத்தைக்கு. சினிமாவுக்கு, வளையலுக்கு. "எனக்குன்னு வந்தது அந்தக் காசுதான்" என்று போன வாரம் சொன்னார். அப்போது நான் அதைச் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டுவிட்டேன்.

3 ஆகஸ்டு

இரண்டு வாரம் எழுதவில்லை. பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல்.

1950-களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க ஆரம்பித்ததும், வாங்கினவர்கள் கூறு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று எல்லாரும் படித்திருப்பீர்கள். எங்கள் தோட்டமும் போயிற்று. ஒரு நாள் பிரட்டுக்களத்தில் (காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடம்) பெயர் கூப்பிட்டார்கள், அடுத்த மாதம் கூப்பிட யாருமில்லை. மற்ற குடும்பங்கள் வேறு தோட்டம் தேடி அலைந்தபோது நாங்கள் நிலத்தில் பலகை வீடு போட்டுக் குடியேறினோம். அந்த நாலு ஏக்கரின் உண்மையான மதிப்பு அன்றைக்குத்தான் தெரிந்தது என்று அப்பா சொல்வார். கித்தா வருமானத்தால் வந்த மதிப்பு இல்லை அது. துரத்த ஆளில்லாத ஒரு வாசல் இருந்தது.

மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் எங்கள் தொகுதிக்காரர். 1960-இல், தொழிலாளர்கள் காசு சேர்த்துத் தோட்டம் வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தபோது அப்பா மாதம் பத்து வெள்ளி (எங்கள் ஊர்ப் பணம்) கட்டினார். "நமக்குத்தான் நிலம் இருக்கே" என்று பாட்டி திட்டினாராம். இல்லாதவர்களுக்காகக் கட்டுகிறேன் என்று அப்பா சொன்னதாக எங்கள் வீட்டில் ஒரு பெருமைக் கதை உண்டு. அத்தை சொல்வது வேறு: அந்தப் பத்து வெள்ளி தட்டு விற்ற காசு, கட்டியது அப்பா பெயரில்.

மறுநடவும் அந்தக் காலத்தில்தான். பழைய மரமெல்லாம் விதை மரம், பால் குறைவு. சிறுதோட்டக்காரர்களுக்கு அரசாங்க மறுநடவு மானியம் இருந்தது. கன்று எப்படி வருகிறது என்று வந்து பார்த்துப் பார்த்துத் தவணையாகக் கொடுப்பார்கள். ஆனால் மரத்தை வெட்டினால் அடுத்து சீவ ஐந்தாறு வருடம் ஆகும், அதுவரை சோறு? அதனால் 1963-இல் மேல்பாதி, ஆறு வருடம் கழித்துக் கீழ்ப்பாதி. நட்டது ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ஒட்டுக் கன்று. அப்பா 'அறுநூறு' என்றே சொல்வார், சொந்தக்காரர் பெயர் மாதிரி. கன்று நிழல் கட்டும்வரை நடுவில் வாழையும் நிலக்கடலையும்.

4 ஆகஸ்டு

கொஞ்சம் தடம் மாறுகிறேன். நேற்று எழுதியதும் கோலகங்சாருக்கு ஒரு நடை போய் வந்தேன். 1877-இல் அங்கே நட்ட ஒன்பது கித்தாக் கன்றில் ஒரு மரம் இன்னும் மாவட்ட அலுவலகத்துக்கு முன்னால் நிற்கிறது. வேலி போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். அடிமரம் வீங்கிப் புடைத்து, யானைக்கால் மாதிரி. தாத்தா வந்ததற்கும், சயாமுக்குப் போனதற்கும், நான் நுரை வழித்ததற்கும் இந்த ஜாதிதான் காரணம் என்று நினைத்துப் பத்து நிமிடம் நின்றேன். அதற்குள் மழை. பக்கத்துக் கடையில் லக்சா நன்றாக இருந்தது.

18 ஆகஸ்டு

கெரான், அதாவது நிலப் பத்திரம், கிடைத்துவிட்டது. அண்ணன் வீட்டு அலமாரியில், எங்கள் பிறப்புப் பத்திரங்களுக்கு அடியில்.

அளவு: 4 ஏக்கர் 1 ரூட் 22 போல், அதாவது நாலரைக்குக் கொஞ்சம் குறைவு. மாற்றிய தேதி 1938. ஆக 1932-இல் எல்லாரும் ஓடும்போது தாத்தா துணிந்து வாங்கினார் என்பது கதை. 1938-இல்தான் இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. புது ஆள் வராத வருடத்தில், இருந்தவர் ஒருவர் நிலம் வாங்கியிருக்கிறார். இதுவும் மோசமான கதை இல்லை, ஆனால் வேறு கதை.

அடுத்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வாங்கினவர்கள் இரண்டு பேர். பாதி தாத்தா, பாதி அவருடைய மச்சான், அதாவது பாட்டியின் அண்ணன். அவர் யார் என்றால் அந்தத் தோட்டத்தின் கங்காணி. வேலைக்கு வருகிற ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கினவர். முழுப் பணமும் அவர் போட்டு, தங்கைக்காகப் பாதியை எழுதி வைத்தார் என்கிறார் அத்தை. அவர் பாதி 1947-இல் எங்களுக்கு மாறியிருக்கிறது, அவர் ஊருக்குக் கப்பலேறிய வருடம்.

கேள்வி கேட்டவர் சிரித்துக்கொள்ளலாம். "கங்காணியும் இல்லை" என்று நெஞ்சை நிமிர்த்தியது நான்தான். பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியை மாட்டுப் பாலும் கூப்பனும் வாங்கின என்று வைத்துக்கொள்ளுங்கள்.

19 ஆகஸ்டு

கெரானில் இன்னொரு வேடிக்கை. நில நிபந்தனை என்ற இடத்தில் இன்னும் 'கெத்தா' (மலாயில் கித்தா) என்றே இருக்கிறது. கித்தாத் தோட்டம் அந்த மண்ணை விட்டுப் போய் முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. ஒரே ஒரு மரம் மூலையில், முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது. சூடம் ஏற்றி ஏற்றி ஒரு பக்கம் கருகிப் போயிருக்கிறது. சட்டப்படி நிபந்தனையைக் காப்பாற்றி வருகிறவர் முனியாண்டி ஒருவர்தான்.

25 ஆகஸ்டு

செம்பனைக்கு ஏன் மாறினீர்கள், இயற்கையைக் கெடுத்தீர்கள் என்று ஒருவர். அய்யா, கித்தாவும் காட்டை வெட்டி நட்டதுதான்.

மாறினதற்கு எண்ணெய் விலை காரணமில்லை. அத்தையின் முழங்கால் காரணம். 1992-இல் அவருக்கு 52 வயது. நாற்பது வருடம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மழை நாள் தவிர. நாங்கள் யாரும் கத்தியைத் தொடவில்லை. அண்ணன் பினாங்கில் பேக்டரி, நான் ஈப்போவில் கிராணி (குமாஸ்தா) வேலை, சித்தப்பா பிள்ளைகள் கோலாலம்பூர். கித்தாவுக்கு மாதம் பதினைந்து நாள் ஆள் வேண்டும். செம்பனைக்குப் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்தால் போதும், அதையும் காண்டிராக்டில் விடலாம். முன்பெல்லாம் செம்பனைப் பூவுக்கு மகரந்தத்தை ஆள் வைத்துத் தூவ வேண்டியிருந்தது. 1981-இல் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகு வண்டே பார்த்துக்கொள்கிறது. குடும்பத்தில் ஆள் இல்லாதவர்களுக்கு ஏற்ற பயிர்.

'அறுநூறு'களை வெட்டின அன்று அத்தை வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மரத்தை நாற்காலி மேசை செய்கிற ஆட்கள் வாங்கிப்போனார்கள். அப்பா காலத்தில் கித்தா மரம் அடுப்பு விறகு. அந்த வருடம் அதற்கு நல்ல விலை. சீவுற கத்தியை அத்தை கொடுக்கவில்லை. இன்னும் கதவுக்கு மேலே சொருகியிருக்கிறது, இப்போது தேங்காய் மட்டை உரிக்கப் பயன்படுகிறது.

1 செப்டம்பர்

செம்பனையில் எல்லாம் சுகம் என்று நினைத்துவிட வேண்டாம். குலை பழுத்ததற்கு அடையாளம் அடியில் உதிர்ந்து கிடக்கிற பழம். அந்த உதிரியைப் பொறுக்குவது அத்தை வேலை. குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்கு ஏற்ற வேண்டும், தாமதமானால் எண்ணெயில் அமிலம் கூடும். எங்களிடம் ஏற்றிப்போன ஒரு வியாபாரி நாலு வருடம் எடையில் அடித்தார். அத்தைதான் பிடித்தார். சாக்கில் கட்டின உதிரியை முதல் நாள் மளிகைக்கடைத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் சீட்டோடு ஒப்பிட்டிருக்கிறார். எழுதத் தெரியாது, எண் தெரியும்.

2018, 19-இல் விலை படுத்துவிட்டது. 2020-இல் எல்லை மூடியதும் வெட்ட ஆள் இல்லை. 2022-இல் எண்ணெய் டன்னுக்கு ஏழாயிரம் வெள்ளியைத் தாண்டியபோது எங்கள் குலைகள் மரத்திலேயே அழுகிக்கொண்டிருந்தன. அப்பா உயிரோடு இருந்திருந்தால் கொரியாப் போர்க் கதையோடு இதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்.

மரம் இப்போது முப்பது அடிக்கு மேல். அரிவாள் கட்டின கம்பைத் தூக்கினால் நுனி ஆடுகிறது. கீழ்ப்பாதியில் பதினோரு மரத்துக்கு அடித்தண்டில் காளான். கனோடெர்மா, வந்தால் மருந்தில்லை, விழும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

15 செப்டம்பர்

டுரியான் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். அண்ணன் மகனுக்கு முப்பது வயது, கணினி வேலை, வீடியோ பார்த்து விவசாயம் கற்றவன். அவன் சொல்கிற ரகம் மூசாங் கிங், 1993-இல் டி197 என்று பதிவானது. 2019 முதல் முழுப் பழத்தை உறையவைத்துச் சீனாவுக்கு அனுப்ப அனுமதி, 2024-இல் உறையவைக்காத பழத்துக்கும் கிடைத்துவிட்டது. கணக்குப் போட்டுத் தாளில் காட்டினான். கணக்கில் தண்ணீர் இல்லை. அடிமரம் கசிகிற நோய் இல்லை. காய்க்கும்வரை ஐந்து வருடம் யார் அங்கே இருப்பது என்பதும் இல்லை. டுரியான் பூவுக்கு இரவில் வௌவால் வர வேண்டும் என்று அத்தை சொன்னார், அதுவும் இல்லை. "இங்க வருது, நாலு மணிக்கு சத்தம் கேக்கும்" என்றும் அவரே சொன்னார். எல்லையில் பாட்டி போட்ட கொட்டையில் வந்த கம்பத்து (நாட்டு) டுரியான் ஒன்று நிற்கிறது. பையன் வௌவாலையும் தாளில் சேர்த்துக்கொண்டான்.

எனக்கு அவன் மேல் நம்பிக்கையும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை. 1938-இல் பாட்டியிடம் தாள் இருந்திருந்தால் அதிலும் சப்பான்காரன் இருந்திருக்க மாட்டான்.

22 செப்டம்பர்

இதை எழுத எனக்கு வசதியாக இல்லை. ஒட்டுப்பால் காசு பற்றி ஜூலையில் எழுதியதை ஒரு சகோதரி சுட்டிக்காட்டி, "கெரானில் உங்கள் அத்தை பெயர் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார்.

இல்லை. தாத்தா 1971-இல் இறந்தார். 1958-ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டத்தில் மகன், மகள் என்ற வித்தியாசம் கிடையாது, பிள்ளைகளுக்குச் சம பங்கு. ஆனால் பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று பேர் பெயர்தான் ஏறியது. அத்தை சம்மதம் என்று கைநாட்டு வைத்திருக்கிறார். அப்போது அவருக்கு 31 வயது, கல்யாணம் ஆகவில்லை, பிறகும் ஆகவில்லை. என்ன சொல்லி வாங்கினார்கள் என்று கேட்டேன். "என்ன சொல்றது? அண்ணன் காட்டின எடத்துல வச்சேன்." அன்று காலையும் மரம் சீவிவிட்டுத்தான் போனாராம், கை பிசுபிசுப்பில் மை சரியாக ஒட்டவில்லையாம்.

சட்டத்தை எழுதி அப்பாவைக் குறை சொல்வது சுலபம். அப்பா 2011-இல் போனபோது, அவர் பங்கிலிருந்து எனக்கு வருவதை அண்ணனுக்கே விட்டுக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டவள் நான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பேனாவை என்னிடம் நீட்டினார்கள், நான் போட்டேன். எழுதப் படிக்கத் தெரிந்தவள், முப்பது வருடம் ஆபீஸில் விண்ணப்பப் பாரம் நிரப்பினவள்.

கேள்வி கேட்ட முதல் ஆள் இப்போது பேசவே காணோம். அவருக்கு நான் சொல்ல நினைத்த "எங்களிடம்தான் இருக்கிறது" என்பதில் 'எங்களிடம்' என்ற சொல் இரண்டு மாதமாக உறுத்துகிறது.

29 செப்டம்பர்

சண்டை வேண்டாம் என்று தனிச் செய்தியில் அறிவுரை சொன்ன மூன்று பேருக்கு: சண்டை இல்லை. அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது நமக்கு ஏன் தோணலை?" என்றார். எனக்கும் தெரியவில்லை என்றேன். அத்தை பெயரில் ஒரு பங்கை மாற்ற மற்றவர்கள் சம்மதம் வேண்டும். மூன்று குடும்பத்தில் மொத்தம் எட்டுப் பேர்.

6 அக்டோபர்

ஆறு பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. ஒருவர் ஆஸ்திரேலியாவில், டிசம்பரில் வருகிறார். இன்னொருவர் யோசிக்கிறார்.

அத்தையிடம் சொன்னேன். "என் பேருக்கு வந்தா வரி நானா கட்டணும்?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் கட்டுகிறோம் என்றேன். சரி என்றார்.

நேற்று பையன் மேல்பாதியில் டுரியானுக்கு அளந்து குச்சி நட்டான், முப்பத்தைந்து அடிக்கு ஒன்று, சிவப்பு நாடா கட்டி. முனியாண்டி கோயிலுக்குப் போகிற பாதையிலும், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மாடு கட்டுகிற இடத்திலும் ஆறு குச்சி வந்துவிட்டது. அத்தை மாலையில் அந்த ஆறையும் பிடுங்கி, நாடாவை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டு, குச்சியை அடுப்பில் வைத்துத் தண்ணீர் போட்டிருக்கிறார். பையன் கோபமாக எனக்குப் போன் செய்தான். மறுபடி அளக்கச் சொன்னேன்.